1990 கிடைக்காத வேளையில்

கைத்தொலைபேசி இருக்கும் எவருக்கும் இலங்கையில் இன்று ஓர் அம்பியூலன்ஸ் கிடைக்கும். 1990 என்ற நான்கு இலக்கங்களை அழுத்தினால் போதும். 2016 ஜூலையில் இந்திய அரசின் நன்கொடையுடன் மேல், தென் மாகாணங்களில் 88 வண்டிகளோடு ஆரம்பமான ‘சுவசெரிய’ சேவை, சில ஆண்டுகளிலேயே நாடு முழுவதற்கும் வந்துவிட்டது. ஒரு சதமும் கேட்பதில்லை. எங்கள் உம்மம்மாவின் காலத்தில் வருத்தக்காரரைக் கதிரையோடு தூக்கிச் சந்திக்குக் கொண்டுவந்து, போகிற லொறியையோ வானையோ மறிப்பார்களாம். “லொறிக்காரன் நல்ல மனுசன், அல்லாஹ் காப்பாத்தினான்” என்று முடியும் கதைகள் அவரிடம் பல உண்டு. லொறி கிடைக்காமல் முடிந்த கதைகளும் உண்டு. அவற்றை அவர் அதிகம் சொல்வதில்லை.

ஆகவே, நான் தொழினுட்பத்துக்கு எதிராக எழுதுகிறேன் என்று யாரும் எண்ண வேண்டாம். உயர்தரத்தில் நான் விரும்பி எடுத்த பாடமே தகவல் தொடர்பாடல் தொழினுட்பம்தான். நான் சொல்ல வருவது, அந்த அழைப்பு போகாத ஒரு நாளைப் பற்றி. மின்சாரம் போகலாம், கோபுரம் சாயலாம், எங்கோ இருக்கும் ஒருவன் வைத்தியசாலையின் கணினிகளைப் பூட்டிவிடலாம். அந்த நாளுக்கு நாம் புதிதாக ஒரு கருவியை வாங்கி வைத்தால் போதும் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். பழைய வழி ஒன்றைக் கைவிடாமல் வைத்திருந்து, அதைச் செய்து பழகியும் இருக்க வேண்டும் என்பதே என் கருத்து. பழகாத பழைய வழி, இல்லாத வழிக்குச் சமம்.

ஓர் அழைப்பு எப்படிப் போகிறது என்று பார்ப்போம். நம் கைத்தொலைபேசி அருகிலுள்ள கோபுரத்தோடு பேசுகிறது. கோபுரம், நுண்ணலை மூலமோ மண்ணுக்குள் போகும் ஒளியிழை மூலமோ நிறுவனத்தின் மைய வலையமைப்போடு பேசுகிறது. அங்கிருந்து அழைப்பு கட்டுப்பாட்டு நிலையத்துக்குப் போகிறது. அங்கே ஒருவர் நம் இடத்தைத் திரையில் குறித்து, அண்மையிலுள்ள வண்டியை அனுப்புகிறார். இதில் ஒரு கண்ணி அறுந்தாலும் சங்கிலி முழுவதும் அறுந்ததுதான். எல்லாக் கண்ணிகளுக்கும் மின்சாரம் வேண்டும்.

கோபுரங்களுக்குப் பெற்றரி உண்டு என்பது உண்மை. ஆனால் அது சில மணித்தியாலங்களுக்குத்தான். 2022 மார்ச் இறுதியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் மின்சாரம் துண்டிக்கப்பட்டதை நாம் மறந்திருக்க மாட்டோம். இரவில் குப்பி விளக்கில் படித்துக்கொண்டிருக்கையில் ‘சிக்னல்’ கோடுகள் ஒவ்வொன்றாகக் குறைந்துபோனதை நான் பார்த்திருக்கிறேன். 2025 பெப்ரவரி 9 ஆம் திகதி பாணந்துறை மின் உபநிலையத்தில் ஒரு குரங்கு மாட்டிக்கொண்டதால் நாடே இருண்டது. அன்று எல்லோரும் அந்தக் குரங்கை வைத்துப் பகிடி விட்டோம். ஒரு குரங்குக்கு இது முடியுமென்றால், திட்டம் போட்டு வருகிறவனுக்கு எவ்வளவு முடியும் என்று அன்று அதிகம் பேர் கேட்கவில்லை.

இன்னொரு மாற்றம் சத்தமில்லாமல் நடந்திருக்கிறது. முன்பு வீடுகளில் இருந்த செப்புக் கம்பித் தொலைபேசிக்கு வீட்டு மின்சாரம் தேவையில்லை. தொலைபேசிப் பரிவர்த்தனை நிலையத்திலிருந்து வரும் 48 வோல்ற்று மின்னே அதற்குப் போதும். ஊரே இருட்டில் கிடந்தாலும் ரிசீவரைத் தூக்கினால் ‘ங்ங்’ என்ற ஓசை கேட்கும். இப்போது வீடுகளுக்கு ஒளியிழை வந்துவிட்டது. வேகம் அதிகம், நானும் மகிழ்ந்தேன். ஆனால் ஒளியிழையில் மின்சாரம் வராது. வீட்டிலுள்ள ரவுட்டர் அணைந்தால் தொலைபேசியும் அணையும். கைத்தொலைபேசிக்கு மாற்றாக இருந்த ஒன்று, அதனோடு சேர்ந்தே சாகும் ஒன்றாக மாறிவிட்டது. எங்கள் வீட்டில் இது தெரியவந்தது மின்சாரம் போன பிறகுதான்.

2025 நவம்பர் இறுதியில் ‘டித்வா’ சூறாவளி வந்தபோது மலைநாட்டில் நடந்ததை அனைவரும் அறிவோம். வெள்ளத்திலும் மண்சரிவிலும் 600 இற்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். மின்சாரம் போனது, ஒளியிழைகள் அறுந்தன, கோபுரங்கள் ஓய்ந்தன. எங்கள் சாச்சி குடும்பம் கம்பளைப் பக்கம் இருக்கிறது. மூன்று நாள் அவர்களோடு பேச முடியவில்லை. உம்மா தொழுகைப் பாயிலேயே தொலைபேசியை வைத்துக்கொண்டு இருந்தார். நான்காம் நாள் கண்டி நகரிலிருந்த ஓர் உறவினரிடமிருந்து செய்தி வந்தது. சாச்சியின் ஊர்ப் பொடியன் ஒருவன் அப்பியாசக் கொப்பியில் கிழித்த தாளில் வீடு வீடாகப் பெயர்களை எழுதி, ஒவ்வொரு பெயருக்கும் எதிரே ‘சுகம்’, ‘மருந்து வேண்டும்’, ‘காணவில்லை’ என்று குறித்து, பாதி நடந்தும் பாதி மோட்டார் சைக்கிளிலும் அதைக் கொண்டுவந்து சேர்த்திருக்கிறான். சாச்சியின் பெயருக்கு எதிரே ‘சுகம்’. அவரின் மாமியாருக்கு எதிரே ‘இன்சுலின் முடிந்தது’. அந்த ஊரில் அந்த மூன்று நாளும் இயங்கிய அவசர சேவை என்று எனக்குத் தெரிந்தது அந்தத் தாள்தான். அவனுக்கு யாரும் அதைப் பழக்கவில்லை. பழக்கியிருந்தால் அந்தத் தாள் நான்காம் நாளில் வராமல் முதல் நாளிலேயே வந்திருக்கும்.

இயற்கையை விடுவோம். எந்தப் புயலும் இல்லாத, வெயில் எறிக்கும் நாளிலும் இது நடக்கும். 2023 நவம்பர் 8 ஆம் திகதி அதிகாலை அவுஸ்திரேலியாவில் ‘ஒப்டஸ்’ என்ற நிறுவனத்தின் வலையமைப்பு முழுவதும் விழுந்தது. தாக்குதல் அல்ல, வழமையான ஒரு மென்பொருள் மேம்படுத்தலைத் தொடர்ந்து வந்த கோளாறு. ஒரு கோடிக்கும் மேற்பட்ட வாடிக்கையாளர்கள் அன்று தொடர்பிழந்தனர். அந்நாட்டின் அவசர இலக்கம் 000. ஒரு நிறுவனத்தின் கோபுரம் இல்லாவிட்டால் கைத்தொலைபேசி தானாகவே வேறொரு நிறுவனத்தின் கோபுரத்தைப் பிடித்து 000 அழைப்பை அனுப்ப வேண்டும். ஏற்பாடு அப்படித்தான் இருந்தது. ஆனாலும் 2,145 பேரின் அவசர அழைப்புகள் போய்ச் சேரவில்லை.

ஏன்? இதை வாசித்தபோது நான் எழுந்து உட்கார்ந்துவிட்டேன். ஒப்டஸின் மைய வலையமைப்பு செத்துவிட்டது, ஆனால் கோபுரங்கள் பல தொடர்ந்து அலைகளை விட்டுக்கொண்டே இருந்தன. அதனால் கைத்தொலைபேசிகள் ‘நமக்குக் கோபுரம் இருக்கிறதே’ என்று நம்பி அதையே பிடித்துக்கொண்டிருந்தன. வேறு நிறுவனத்துக்கு மாறவில்லை. முழுதாகச் செத்த கோபுரத்தைவிட அரைகுறையாக உயிரோடிருந்த கோபுரம் ஆபத்தானதாகிவிட்டது. கடதாசியில் அழகாக எழுதப்பட்ட மாற்று ஏற்பாடு, உண்மையான நாளில் ஏன் வேலை செய்யாது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குக் கிடைக்கவில்லை. பிறகு விசாரணை நடந்தது. அழைப்புத் தவறியவர்களில் 369 பேருக்கு என்ன ஆயிற்று என்று நிறுவனம் பின்னர் விசாரித்துப் பார்க்கவே இல்லை என்பதும் வெளிவந்தது. 1 கோடியே 20 இலட்சம் அவுஸ்திரேலிய டொலருக்கும் அதிகமான தண்டப்பணம் விதிக்கப்பட்டது.

இனித் திட்டமிட்ட தாக்குதல். 2021 மார்ச்சில் அயர்லாந்தின் அரச சுகாதார சேவையில் ஒருவர், மின்னஞ்சலோடு வந்த ஓர் எக்செல் கோப்பைத் திறந்தார். அதற்குள் ‘கொன்டி’ என்ற கும்பலின் தீநிரல் இருந்தது. எட்டு வாரம் அது உள்ளே சத்தமில்லாமல் நடமாடியது. மார்ச் 31 ஆம் திகதி வைரஸ் எதிர்ப்பு மென்பொருள் அதைக் கண்டுகொண்டது. ஆனால் அந்த மென்பொருள் பார்த்துக் குறித்துக்கொள்ளும்படி மட்டுமே அமைக்கப்பட்டிருந்தது, தடுக்கும்படி அல்ல. மே 14 அதிகாலையில் கோப்புகள் பூட்டப்பட்டன, கப்பம் கேட்கப்பட்டது. சுகாதார சேவை தன் கணினிகள் அனைத்தையும் தானே அணைத்தது. வைத்தியர்கள் பேனாவுக்கும் தாளுக்கும் திரும்பினார்கள். டப்ளினில் உள்ள ரொட்டுண்டா மகப்பேற்று வைத்தியசாலை, 36 வாரமோ அதற்கு மேலோ ஆன கர்ப்பிணிகளைத் தவிர ஏனையோரின் கிளினிக்குகளை நிறுத்தியது. 35 வாரத்தில் இருந்த ஒரு பெண் அன்று எப்படித் திரும்பிப் போயிருப்பாள் என்று நினைத்துப் பார்க்கிறேன்.

ஒரு வாரத்துக்குள் அந்தக் கும்பலே பூட்டைத் திறக்கும் சாவியைக் கொடுத்தது. அப்படியிருந்தும் எல்லாவற்றையும் மீட்டெடுக்க செப்டெம்பர் வரை, அதாவது நான்கு மாதம் எடுத்தது. ஆனால் அன்று அயர்லாந்தின் அம்பியூலன்ஸ் அழைப்புச் சேவை வழமைபோல் இயங்கியது. கணினி இல்லாமலே அவசர சிகிச்சைப் பிரிவுகளும் திறந்திருந்தன. இளம் வைத்தியர்களில் பலர் கணினியிலேயே வேலை பழகியவர்கள். தாளில் வேலை செய்து பழகிய மூத்த தாதியர் அன்று எத்தனை பேருக்கு வழிகாட்டியிருப்பார்கள் என்று எண்ணத் தோன்றுகிறது. நம் நாட்டு வைத்தியசாலைகளில் இன்றும் தடித்த பதிவேடுகளைக் காணும்போது நாம் முகம் சுழிக்கிறோம். அவற்றை ஒரு நாள் கணினிக்கு மாற்றத்தான் வேண்டும். மாற்றுகிற அன்றே பேனா பிடித்த கைகளையும் வீட்டுக்கு அனுப்பிவிடக் கூடாது.

நம் நாட்டுக்கும் ஓர் எச்சரிக்கை கிடைத்திருக்கிறது. 2023 ஓகஸ்டில் இலங்கை அரச முகிற்கணினிச் சேவை மீது கப்பம் கோரும் மென்பொருள் தாக்குதல் நடந்தது. gov.lk என்று முடியும் அரச மின்னஞ்சல்கள், சுமார் 5,000 முகவரிகள், பாதிக்கப்பட்டன என்று அப்போது செய்திகள் வந்தன. மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையான மின்னஞ்சல்கள் திரும்பக் கிடைக்கவில்லை. காரணம், காப்புப் பிரதியும் அதே வலையமைப்பில் இணைந்திருந்ததால் அதுவும் பூட்டப்பட்டது. இணைப்பில்லாத தனிப் பிரதி அந்தக் காலத்துக்கு இருக்கவில்லை. வீட்டுச் சாவியின் மற்றொரு பிரதியையும் அதே சாவிக் கோர்வையில் மாட்டி வைப்பதைப் போன்றது இது. தொலைந்தது மின்னஞ்சல் என்பதால் நாம் தப்பினோம். அது அம்பியூலன்ஸ் வண்டிகள் எங்கே நிற்கின்றன என்ற பட்டியலாகவோ, ஒரு நோயாளியின் இரத்த வகையாகவோ இருந்திருந்தால்?

இணையத்தை அரசாங்கமே நிறுத்திய நாட்களையும் இந்தக் கணக்கில் சேர்க்க வேண்டும். 2018 மார்ச்சில் கண்டி மாவட்டத்தில் நம்மவர்களின் வீடுகளும் கடைகளும் பள்ளிவாசல்களும் தாக்கப்பட்டபோது, பேஸ்புக், வட்ஸ்அப், வைபர் ஆகியன சுமார் ஒரு வாரம் முடக்கப்பட்டன. வெறுப்பைப் பரப்பிய பதிவுகளைத் தடுக்கவே அது செய்யப்பட்டது. அன்று தன் தளம் வகித்த பங்குக்காக பேஸ்புக் நிறுவனம் 2020 இல் மன்னிப்பும் கேட்டது. முடக்கியது தவறென்று நான் வாதாட வரவில்லை. ஆனால் ஊருக்கு ஊர் உறவினர் நிலையை அறிய மக்கள் நம்பியிருந்ததும் அதே வட்ஸ்அப்தான். கும்பல் வருகிறது என்ற செய்தியும் அதில்தான் வந்தது, வருவதில்லை என்ற செய்தியும் அதில்தான். அது போனதும் அக்கம்பக்கத்தில் இருப்பவர் சொல்வதைத் தவிர வேறு வழியில்லாமல் போனது. வட்ஸ்அப் குழு ஒன்றை மட்டுமே அவசர ஏற்பாடாக வைத்திருக்கும் ஊர்கள் இன்றும் எத்தனை! நான் முன்பு படித்த பாடசாலை ஒன்றில் சுனாமி ஒத்திகைக்கான அறிவித்தல்கூட வட்ஸ்அப்பில்தான் வந்தது. ஒத்திகையிலும் சுனாமி வந்தால் இணையம் இருக்கும் என்றுதான் நினைத்தோம் போலும்.

உண்மையான சுனாமி வந்த 2004 டிசம்பர் 26 இல் என்ன நடந்தது? எங்கள் கரையோர ஊர்களில் தொலைபேசிகள் ஊமையாகின. கைத்தொலைபேசி வைத்திருந்தவர்களுக்கும் இணைப்புக் கிடைக்கவில்லை. தென்கரையின் அம்பாந்தோட்டையிலிருந்து கொழும்புக்குச் செய்தி கொண்டுவந்தவர்களில், பொழுதுபோக்காக வானொலிக் கருவிகளை இயக்கும் சிலரும் இருந்தார்கள். இலங்கை வானொலிச் சங்கத்தின் அந்த உறுப்பினர்கள் சிற்றலைக் கருவிகளை அங்கே கொண்டுபோய் நிறுவி, கொழும்பில் இருந்த அதிகாரிகளோடு பேச வைத்தார்கள். சிற்றலைக்குக் கோபுரம் வேண்டாம், நடுவில் ஒரு நிறுவனமும் வேண்டாம். அலை மேலே போய் அயனமண்டலத்தில் பட்டுத் திரும்புகிறது. ஒரு கார் பெற்றரியும் உயரத்தில் கட்டிய ஒரு கம்பியும் போதும். அவர்களால் அன்று அதைச் செய்ய முடிந்ததற்குக் காரணம், அதற்கு முந்திய ஞாயிற்றுக்கிழமைகளில் எல்லாம் அவர்கள் சும்மா பேசிப் பழகியிருந்ததுதான்.

சிலர் கேட்பார்கள்: செய்மதி இணையம் 2025 இல் நம் நாட்டுக்கும் வந்துவிட்டதே, இன்னும் எதற்கு இந்தப் பழைய கதை என்று. வரட்டும், ஒவ்வொரு பிரதேச செயலகத்திலும் வைத்தியசாலையிலும் ஒன்று இருக்கட்டும். ஆனால் அதற்கும் மின்சாரம் வேண்டும், கணக்கு இலக்கம் வேண்டும், அதைப் பெட்டியிலிருந்து எடுத்துப் பொருத்தத் தெரிந்த ஒருவர் வேண்டும். அலுமாரிக்குள் பூட்டிய கருவியின் சாவி, லீவில் போன உத்தியோகத்தரிடம் இருக்கும் நாட்டில்தான் நாம் வாழ்கிறோம்.

என்னிடம் யாராவது கேட்டால் முதலில் நான் கேட்பது ஒரு தாள். கிராம உத்தியோகத்தர் பிரிவு ஒவ்வொன்றுக்கும் ஓர் அச்சிட்ட தாள்: 1990, பொலிஸின் 119, அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117 ஆகியவற்றோடு, அண்மைய வைத்தியசாலையினதும் பொலிஸ் நிலையத்தினதும் நேரடி இலக்கங்கள், இவை எதுவும் எடுபடாவிட்டால் எந்த வீட்டில் வாகனம் உண்டு, எந்த வீட்டில் தாதியோ மருத்துவமாதுவோ இருக்கிறார், எங்கே போய்ச் சொல்ல வேண்டும் என்பது. எங்கள் வகுப்பில் கேட்டுப் பார்த்தேன். வைத்தியசாலையின் இலக்கம் ஒருவருக்கும் மனப்பாடமில்லை. உம்மாவின் இலக்கத்தையே சிலர் திரையைப் பார்த்துத்தான் சொன்னார்கள். படுக்கையிலிருக்கும் முதியவர்கள், நாள் நெருங்கிய கர்ப்பிணிகள், இன்சுலின் எடுப்பவர்கள் எந்த வீடுகளில் என்பதை மருத்துவமாது தன் கொப்பியில் ஏற்கெனவே வைத்திருப்பார். அந்தரங்கம் கெடாமல் அதை ஆபத்து நாளில் பயன்படுத்த ஒரு வழி வகுக்கலாம்.

பள்ளிவாசல் ஒலிபெருக்கியும் எங்கள் ஊர்களின் பழைய அவசர சேவைதான். ஜனாஸா அறிவித்தலும் காணாமற்போன பிள்ளையின் பெயரும் வெள்ள எச்சரிக்கையும் அதில்தான் கேட்டிருக்கிறோம். அதற்குப் பெற்றரி இணைப்பு இருக்கிறதா என்பதை மட்டும் நிர்வாகிகள் பார்த்துக்கொண்டால் நல்லது. கோவிலிலும் விகாரையிலும் தேவாலயத்திலும் இதையே செய்யலாம்.

பெரிய வைத்தியசாலைகளில் ஆண்டுக்கு இரு தடவையாவது, அறிவித்துவிட்டு, ஒரு காலைப்பொழுது கணினி இல்லாமல் வேலை செய்து பார்க்க வேண்டும் என்பேன். நோயாளிகளுக்குக் கொஞ்சம் தாமதமாகும், முறைப்பாடும் வரும். அந்தத் தாமதத்தை ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் தாங்கிக்கொள்வது, தாக்குதல் நடந்த இரவில் முதன்முதலாகத் தாங்குவதைவிட எளிது. கட்டுப்பாட்டு நிலையத்துக்கும் இதுவே பொருந்தும். திரை அணைந்தால் வரைபடத்தையும் ஊசியையும் வைத்து வண்டி அனுப்பத் தெரிந்தவர்கள் ஒவ்வொரு முறைநேரத்திலும் இருக்க வேண்டும்.

நம் கல்லூரியிலும் ஒன்று செய்யலாம் என்று எனக்குத் தோன்றுகிறது. வானொலிக் கருவியை இயக்குவதற்கான உரிமத்தைத் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழு பரீட்சை வைத்து வழங்குகிறது. ஆரம்ப நிலைக்குத் தேவையானவற்றில் ஓமின் விதியும் அலைநீளமும் நாம் பௌதிகவியலில் படித்தவைதாம். பெண் பிள்ளைகளுக்கு இது எதற்கு என்று ஒரு மாமி கேட்டார். வெள்ளம் வரும்போது வீட்டில் இருப்பது பெரும்பாலும் பெண்களும் பிள்ளைகளும்தானே என்று சொன்னேன், அவர் மறுக்கவில்லை. பௌதிகவியல் ஆய்வுகூடத்துக்குப் பின்னாலுள்ள சிறிய அறை வெறுமையாகத்தான் கிடக்கிறது, கூரைக்கு மேலே கம்பி இழுக்கவும் இடமுண்டு. விஞ்ஞான மன்றப் பொறுப்பாசிரியையிடம் பேசியிருக்கிறோம். இதுவரை நான்கு பேர் பெயர் கொடுத்துள்ளோம். விருப்பமுள்ள தோழியர் உயர்தர இரண்டாம் ஆண்டு வகுப்பறைக்கு இடைவேளையில் வரலாம்.